இழுப்பு இல்லாத நாளின் மருந்து

குமரி மாவட்டத்துத் திற்பரப்பு அருவியில் குளித்துத் திரும்பும் வெளியூர்க்காரர்கள் ஊர்க்காரர்களைப் பார்த்துச் சற்றே பொறாமைப்படுவது உண்டு. இந்தக் காற்றுக்கு நோய் நொடி அண்டாது என்பார்கள். பார்த்தால் அப்படித்தான் தோன்றும். கோதையாறு, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம், திருவிதாங்கூர் காலத்திலேயே வேரூன்றிய ரப்பர், தென்மேற்கும் வடகிழக்கும் மாறி மாறித் தரும் மழை. பெருநகரத்துப் புகை இங்கே கிடையாது. ஆனாலும் ஆஸ்துமா இந்த அடிவாரத்தை விட்டுவைக்கவில்லை. ஊரைப் பசுமையாக வைத்திருக்கும் ஈரமும் ஊருக்குச் சோறு போடும் மரமும் சேர்ந்தே மூச்சுக்குழாய்க்கு வேண்டாத பலவற்றையும் வளர்க்கின்றன.

உலக சுகாதார நிறுவனக் கணக்கில், 2019ஆம் ஆண்டு உலகெங்கும் 26.2 கோடிப் பேருக்கு ஆஸ்துமா இருந்தது. அதனால் 4.55 லட்சம் பேர் இறந்தார்கள். அதே ஆண்டுக்கான உலக நோய்ச்சுமை ஆய்வு இந்திய நோயாளிகளைச் சுமார் 3.4 கோடி என்று மதிப்பிட்டது. நோயாளிகளில் எட்டுப் பேருக்கு ஒருவர் இந்தியர். ஆனால் இறப்பவர்களில் ஐந்துக்கு இருவர் இந்தியர். நோய் எல்லா நாட்டிலும் ஒன்றுதான், மருந்தும் ஒன்றுதான். அப்படியிருக்க இந்த இடைவெளி எங்கிருந்து வந்தது? ஆஸ்துமாவுக்கும் ஒவ்வாமைக்கும் உள்ள உறவைத் தவறாகப் புரிந்துகொண்டதும், இழுப்பு வரும் நாளில் மட்டும் மருந்தைத் தேடியதும் அதற்குப் பெரிய காரணங்கள் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மூச்சுக்குழாயில் நடப்பது

ஆஸ்துமாவின் வேர் அழற்சி. மூச்சுக்குழாயின் உட்சுவர் நாள்பட வீங்கிச் சிவந்து, தொட்டாற்சுருங்கியாகக் காத்திருக்கிறது. தூசியோ புகையோ சளிக்கிருமியோ பட்டவுடன் மூன்று காரியங்கள் நடக்கின்றன. குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. சுவர் மேலும் தடிக்கிறது. கெட்டியான சளி சுரந்து மீதி வழியையும் அடைக்கிறது. உள்ளே போன காற்று வெளியே வரத் திணறும்போது எழுவதுதான் அந்த விசில் சத்தம். வீசிங் என்று இன்று எல்லோரும் சொல்வது அதைத்தான்.

இந்த நோயை மற்ற நுரையீரல் நோய்களிலிருந்து பிரித்துக்காட்டுவது அதன் ஏற்ற இறக்கம். காலையில் மூச்சுவிட முடியாதவர் மதியம் படியேறுவார். ஒரு வாரம் படுத்தவர் அடுத்த மாதம் ஒன்றுமில்லாதவர்போல் நடமாடுவார். இந்த இடைவேளைதான் ஏமாற்றுகிறது. இழுப்பு நின்றால் நோய் போய்விட்டது என்று தோன்றும். உள்ளே அழற்சி அப்படியே இருக்கும்.

ஒரு நாளுக்குள்ளும் இந்த ஏற்ற இறக்கம் உண்டு. நுரையீரலின் திறன் மிகக் குறைவாக இருப்பது அதிகாலை 4 மணியை ஒட்டி. ஆஸ்துமாக்காரர்களில் பலர் எழுந்து உட்கார்ந்து மூச்சுக்குப் போராடும் நேரமும் அதுதான். ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்களுக்கு வேலை தொடங்குவதும் ஏறக்குறைய அந்நேரத்தில்தான். குளிர்ச்சி இருக்கும்போதுதான் மரம் நன்றாகப் பால் சுரக்கும் என்பதால் விடியுமுன்பே தோட்டத்தில் இறங்க வேண்டும். மூச்சுக்குழாய் ஒடுங்கியிருக்கும் வேளை, ஈரமான குளிர்காற்று, மரத்துக்கு மரம் விரைந்த நடை எல்லாம் ஒன்றாகச் சேர்கின்றன. பால்வெட்டுத் தொழிலாளி மருத்துவரிடம் தன் வேலை நேரத்தைச் சொல்வது அதனால் முக்கியம்.

ஒவ்வாமைக்கு எவ்வளவு பங்கு

ஆஸ்திரிய மருத்துவர் கிளமென்ஸ் ஃபான் பிர்கே 1906இல் 'அலர்ஜி' என்ற கருத்தை முன்வைத்தார். அதன் இயக்கம் பிடிபட அறுபது ஆண்டுகள் ஆயின. 1960களின் நடுவில் அமெரிக்காவில் இஷிசாக்கா தம்பதியும் ஸ்வீடனில் யோஹான்சனும் பென்னிக்கும் தனித்தனியே கண்ட எதிர்ப்புரதத்துக்கு இன்று ஐஜிஇ என்று பெயர். ஒவ்வாமை உடலமைப்பு உள்ளவர்களுக்கு, தீங்கற்ற ஒரு பொருளுக்கு எதிராகவும் இந்தப் புரதம் உருவாகிறது. அது மாஸ்ட் செல்கள் என்ற நோயெதிர்ப்பு அணுக்களின் மேல் ஒட்டிக் காத்திருக்கும். அந்தப் பொருள் மறுபடி வந்ததும் செல் வெடித்து ஹிஸ்டமின் முதலியவற்றைக் கொட்டும். மூக்கில் நடந்தால் தும்மல், தோலில் நடந்தால் தடிப்பு, மூச்சுக்குழாயில் நடந்தால் இழுப்பு.

ஆகவே மூக்கையும் நெஞ்சையும் தனித்தனியே பார்ப்பது சரியாகாது. ஆஸ்துமாக்காரர்களில் பெரும்பாலோருக்கு மூக்கிலும் ஒவ்வாமை உண்டு. கைக்குழந்தையில் கரப்பான், பள்ளி வயதில் அடுக்குத் தும்மல், பிறகு இழுப்பு என்று வரிசையாக வருவதையும் பல குடும்பங்களில் காணலாம். காலையில் பத்துத் தும்மல் போடும் பிள்ளைக்கு மூக்கு வைத்தியமும் செய்தால் நெஞ்சும் அடங்குவது எளிதாகும்.

ஆனால் ஆஸ்துமா எல்லாமே ஒவ்வாமை அல்ல. குழந்தைகளில் அதன் பங்கு மிகப் பெரிது. நடுவயதில் புதிதாக வரும் ஆஸ்துமாவில் அது குறைவு. சிலருக்கு உடல் பருமன் காரணம், சிலருக்கு வேலைத்தளம், சிலருக்கு ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரை. ஒவ்வாமை ஆஸ்துமாக்காரரிடமும் பெரும்பாலான கடும் இழுப்புகளைத் தூண்டுவது சாதாரணச் சளிக் கிருமியே. பள்ளி திறப்பதும் தென்மேற்குப் பருவம் தொடங்குவதும் ஜூனில் சேர்ந்தே வருகின்றன. அந்த மாத இழுப்புக்கு மழையை மட்டும் குற்றம் சொல்வது முழு உண்மையாகாது.

பாய் முதல் புகைக்கூடம் வரை

திற்பரப்புச் சுற்றுவட்டாரத்தில் மூச்சைத் தொடும் பொருள்களை இரண்டாகப் பிரிக்கலாம். ஒருசாரார் உடலில் மட்டும் எதிர்வினை கிளப்புபவை ஒவ்வாப் பொருள்கள். யாருக்கும் எரிச்சல் தருபவை உறுத்திகள். ஆஸ்துமாக்காரருக்கு இரண்டும் ஆகாது. ஆனால் முதல் வகை ஆளுக்கு ஆள் மாறும், இரண்டாவது வகை எல்லோருக்கும் பொது.

முதல் வகையின் தலைவன் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சி. வீட்டுத் தூசியில் ஒவ்வாமையை உண்டாக்குவது இந்தச் சிலந்தி இனச் சிற்றுயிர்தான் என்று 1964இல் டச்சு ஆய்வாளர்கள் ஃபோர்ஹோர்ஸ்ட்டும் ஸ்பீக்ஸ்மாவும் காட்டினார்கள். மனிதத் தோலிலிருந்து உதிரும் செதில்தான் இதற்கு உணவு. தண்ணீரைக் குடிக்காது, காற்றின் ஈரத்தையே உறிஞ்சும். அதனால் இரண்டு பருவமழை பெய்யும் ஊர் அதற்குத் தோதானது. தலையணை, இலவம் பஞ்சு மெத்தை, மழைக்காலத்தில் காயாத போர்வை எல்லாம் அதன் குடியிருப்பு. கோரைப்பாயில் படுப்பவருக்கு இதில் ஒரு நன்மை உண்டு, பாயைத் தினமும் உதறி வெயிலில் போட முடியும். மெத்தை வேண்டுமென்றால் முழுக்க மூடும் உறை, வாரம் ஒருமுறை சூடான நீரில் துவைத்த விரிப்பு, கிடைக்கும் வெயிலில் நல்ல காய்ச்சல் ஆகியவை வேண்டும். அடுத்து, ஓதமேறிய சுவரிலும் அலமாரியிலும் படரும் பூஞ்சை. பிறகு கரப்பான் பூச்சி.

ரப்பர் பாலே ஒவ்வாப் பொருளாவதும் உண்டு. அதிலுள்ள புரதங்களுக்கு எதிராகச் சிலருக்கு ஐஜிஇ உருவாகிறது. 1980களிலும் 90களிலும் மருத்துவமனைகளில் கையுறைப் பயன்பாடு பெருகியபோது உலகெங்கும் செவிலியரும் மருத்துவரும் இதற்கு ஆளானார்கள். கையுறைக்குள் தூவிய மாவு அந்தப் புரதத்தைக் காற்றில் ஏற்றியதே காரணம். அமெரிக்கா 2017 ஜனவரியில் மாவு தூவிய கையுறைகளை அடியோடு தடை செய்தது. தோட்டத்தில் பால் ஈரமாக இருப்பதால் அது காற்றில் பறப்பது குறைவு. காய்ந்த தூளும் மாவும் பறக்கும் வேலைகளில்தான் ஆபத்து அதிகம்.

இரண்டாம் வகை உறுத்திகளே இங்கு இன்னும் பெரிய பிரச்சினை. சிறு விவசாயி ரப்பர் ஷீட்டைப் புகைக்கூடத்திலோ அடுக்களை அடுப்புக்கு மேலோ தொங்கவிட்டுக் காயவைக்கிறார். விறகுப் புகையில் நாள்கணக்கில் கிடந்தால்தான் ஷீட் பூஞ்சை பிடிக்காமல் நல்ல தரத்தில் வரும். அந்தப் புகை வீட்டுக்குள் திரும்பினால் அதைக் குடிப்பது பெண்களும் பிள்ளைகளும். பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிட், கெடாமல் வைக்கும் அம்மோனியா, தளிர் விடும் காலத்தில் இலைச் சாம்பல் நோய்க்குத் தூவும் கந்தகப் பொடி ஆகியவையும் மூச்சுக்குழாயை உறுத்தும். மாவட்டத்தின் அண்டி ஆபீஸ்களில் முந்திரிக் கொட்டை வறுக்கும் புகையும் அப்படியே. புகைக்கூடத்தை வீட்டை விட்டுத் தள்ளிக் கட்டுவது, அடுப்புக்குப் புகைபோக்கி வைப்பது, எரிவாயு அடுப்பைக் காப்பிக்கு மட்டும் என்று ஒதுக்கிவைக்காமல் சோறு பொங்கவும் பயன்படுத்துவது ஆகியவை எந்த ஒவ்வாமைச் சோதனையும் இல்லாமலே பலன் தருபவை.

அதிகம் பேசப்படாத ஒரு சங்கிலியும் இங்கே உண்டு. மழைக்காலத்தில் பால்வெட்டு நின்ற மரங்களில் பால் பிடிக்கும் சிரட்டைகள் நிமிர்ந்தே கிடக்க, அவற்றில் தண்ணீர் தேங்குகிறது. அதில் ஏடிஸ் கொசு பெருகுகிறது. கொசுவுக்கு வீட்டில் கொசுவர்த்தி ஏற்றுகிறார்கள். ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் வரை எரிப்பதற்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது. மூடிய அறையில், தூங்கும் குழந்தையின் தலைமாட்டில் அது எரிகிறது. சிரட்டையைக் கவிழ்த்து வைப்பது டெங்கு, சிக்குன்குனியாவைத் தடுக்கும் வேலை என்றுதான் சொல்லப்படுகிறது. அது மூச்சைக் காக்கும் வேலையும்கூட. கொசுவலை கட்டினால் சங்கிலியின் கடைசிக் கண்ணியையும் அறுத்துவிடலாம்.

எதை விலக்குவது, எதை விடுவது

வீட்டில் ஒரு பிள்ளைக்கு இழுப்பு என்றால் முதலில் நிற்பது பழம். மட்டிப்பழம் குளிர்ச்சி, ஆரஞ்சு சளி, தயிர் கூடாது, முட்டை ஆகாது என்று பட்டியல் நீளும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரி மட்டி, கைக்குழந்தைக்கு மசித்துக் கொடுத்து வந்த பழம். அதை நிறுத்துவதற்கு ஆஸ்துமா என்ற காரணம் மட்டும் போதாது. உணவு ஒவ்வாமை உள்ளவருக்கு உணவால் இழுப்பு வரலாம். ஆனால் அப்படி வரும்போது பெரும்பாலும் வாய் அரிப்பு, தடிப்பு, வாந்தி முதலியவையும் சாப்பிட்ட சற்று நேரத்தில் சேர்ந்தே வரும். மற்றவர்களுக்குப் பழத்தை நிறுத்தினால் மெலிவுதான் மிச்சம்.

விதிவிலக்குகளை அறிந்து வைத்திருக்கலாம். ரப்பர் பால் ஒவ்வாமை உறுதியான சிலருக்கு வாழைப்பழம், பப்பாளி, அவகேடோ போன்றவையும் சேராமல் போகும், காரணம் அவற்றின் புரதங்கள் ஒத்த சாயல் கொண்டவை. ரப்பரின் குடும்பத்தைச் சேர்ந்த மரச்சீனிக் கிழங்கிலும் அத்தகைய புரதம் இருப்பதைப் பிரேசில் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். தூசிப் பூச்சி ஒவ்வாமை உள்ள சிலருக்கு இறால் சேராது. இரண்டிலும் உள்ள டிரோபோமயோசின் என்ற தசைப் புரதமே அதற்குக் காரணம். இவை ஒரு சிலருக்கானவை. ஊருக்கெல்லாம் பத்தியமாக எழுதிவிடக் கூடாது.

யாருக்கு எது என்று அறிய தோலில் குத்திப் பார்க்கும் சோதனையும் குறிப்பிட்ட ஐஜிஇயை அளக்கும் இரத்தச் சோதனையும் உண்டு. ஆனால் சோதனையில் 'ஆம்' என்று வந்தாலே அந்தப் பொருள்தான் இழுப்புக்குக் காரணம் என்று முடிவு கட்டமுடியாது. அறிகுறியோடு பொருந்தினால்தான் அதற்கு மதிப்பு. நூறு உணவுகளுக்கு ஒரே தடவையில் ஐஜிஜி என்ற வேறொரு எதிர்ப்புரதத்தை அளந்து பட்டியல் தரும் விலையுயர்ந்த பரிசோதனைகளை ஒவ்வாமை மருத்துவச் சங்கங்கள் ஏற்பதில்லை. ஐஜிஜி என்பது அந்த உணவை நாம் உண்டிருக்கிறோம் என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான்.

விலக்கலின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். மெத்தை உறை மட்டும், அல்லது காற்று வடிகட்டி மட்டும் என்று ஒன்றைச் செய்தவர்களுக்கு ஆய்வுகளில் பெரிய பலன் தெரியவில்லை. பலவற்றைச் சேர்த்துச் செய்தால் ஓரளவு உதவுகிறது. தூசிப் பூச்சி ஒவ்வாமைக்குச் சிறுகச் சிறுக அதே பொருளைச் செலுத்திப் பழக்கும் முறை 1911இல் லண்டனில் லெனார்ட் நூன் மகரந்தத்துக்குச் செய்து காட்டியதன் தொடர்ச்சி. பல ஆண்டுகள் பிடிக்கும். அடங்காத ஆஸ்துமாவில் ஊசியாகக் கொடுப்பது ஆபத்து.

அருவியில் குளிக்கலாமா என்ற கேள்வியும் இதே வகை. குளிர்ந்த நீரும் காற்றும் சிலருக்கு மூச்சுக்குழாயை இறுக்கும். இழுப்பு அடங்காமல் இருக்கும் நாளில் தவிர்ப்பது நல்லது. நோய் கட்டுக்குள் இருக்கும் பிள்ளையை ஆற்றிலிருந்தும் விளையாட்டிலிருந்தும் விலக்கி வைக்க மருத்துவக் காரணம் எதுவுமில்லை.

இழுப்பெல்லாம் ஆஸ்துமா அல்ல

நம் ஊரில் பழைய தலைமுறை மருத்துவச் சீட்டுகளில் 'ஈஸ்னோபீலியா' என்று எழுதியிருக்கும். இதற்கு ஒரு வரலாறு உண்டு. மதனப்பள்ளிக் காசநோய் ஆஸ்பத்திரியில் ஃப்ரிமோட்-மோலரும் பார்ட்டனும் 1940இல், காசநோய்போலவே தோன்றி இரத்தத்தில் ஈஸினோஃபில் அணுக்கள் ஏராளமாகப் பெருகும் ஒரு நோயை விவரித்தார்கள். இரவில் இருமல், இழுப்பு, மெலிவு. யானைக்கால் நோயைத் தரும் புழுக்களுக்கு உடல் காட்டும் மிகை எதிர்வினை அது என்று பின்னர் தெரிந்தது. அதற்கு மருந்து டைஎதில்கார்பமசின். ஆஸ்துமாவிலும் இந்த அணுக்கள் ஓரளவு கூடும் என்பதால் இரண்டும் ஒரே பெயரில் குழம்பின. காசநோய், பீடியால் வரும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு, இதயத் தளர்ச்சி ஆகியவையும் மூச்சுமுட்டைத் தரும். ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி, மருந்து இழுத்தபின் ஊதும் அளவு கணிசமாகக் கூடுகிறதா என்று காட்டும். பெரியவர்களிடம் முதல் நொடியில் வெளிவரும் காற்று 12 விழுக்காடும் 200 மில்லியும் கூடினால் ஆஸ்துமாவுக்கு வலுவான சான்று.

மருந்தின் கதை

1950களின் நடுவில் அமெரிக்க மருந்து நிறுவனமான ரைக்கரின் தலைவருக்கு ஆஸ்துமா உள்ள 13 வயது மகள் இருந்தாள். தலைக்குத் தெளிக்கும் ஸ்பிரேபோல என் மருந்தும் ஏன் டப்பாவில் வரக்கூடாது என்று அவள் கேட்டதாகச் சொல்வார்கள். 1956இல் அளவிட்டுப் பீய்ச்சும் முதல் இன்ஹேலர் விற்பனைக்கு வந்தது. 1969இல் சல்பியூட்டமால், 1972இல் பெக்ளோமெத்தசோன் என்ற இழுக்கும் ஸ்டீராய்டு. முதலாவது இறுகிய தசையைத் தளர்த்தும், இரண்டாவது அழற்சியை அடக்கும். ஆஸ்துமா மருத்துவத்தின் சாரம் இந்த வேறுபாடுதான்.

தசையை மட்டும் தளர்த்திக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு கசப்பான பாடங்கள் உண்டு. 1960களில் பிரிட்டனில் வீரியம் கூடிய ஐசோபிரினலின் இன்ஹேலரோடும், 1976 முதல் நியூசிலாந்தில் ஃபெனோட்டெரால் இன்ஹேலரோடும் ஆஸ்துமா இறப்புகள் எகிறின. உடனடி நிம்மதி கிடைத்ததால் உள்ளே மூண்டுகொண்டிருந்த அழற்சி கவனிக்கப்படவில்லை. 2018இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், லேசான ஆஸ்துமாவில்கூடத் தேவைப்படும்போது ஸ்டீராய்டும் ஃபார்மோட்டெரால் என்ற தசைத்தளர்த்தியும் கலந்த இன்ஹேலரை இழுத்தவர்களுக்கு, தசைத்தளர்த்தி மட்டும் இழுத்தவர்களைவிடக் கடும் இழுப்புகள் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தன. அடுத்த ஆண்டே உலக ஆஸ்துமா வழிகாட்டுக் குழுவான ஜீனா, பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் சல்பியூட்டமாலை மட்டும் தனித்துத் தருவதைக் கைவிடச் சொன்னது.

நம் பக்கம் நிலைமை வேறு. இழுப்பு வந்தால் ஆஸ்பத்திரி போய் டெரிஃபிலின் ஊசி, ஒரு தடவை நெபுலைசர், மூன்று நாள் மாத்திரை, பிறகு அடுத்த இழுப்பு வரை மறதி. இன்ஹேலர் என்றதும் 'அது கடைசி மருந்து', 'பழகிப்போகும்', 'பெண்ணுக்குக் கல்யாணம் நடக்காது' என்ற பயம் வேறு. கணக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறது. ஒரு சல்பியூட்டமால் மாத்திரையில் 4 மில்லிகிராம். இன்ஹேலரின் ஒரு அழுத்தில் 100 மைக்ரோகிராம். அதாவது ஒரு மாத்திரை நாற்பது அழுத்துக்குச் சமம். மாத்திரை இரத்தம் முழுக்கச் சுற்றிக் கை நடுக்கமும் படபடப்பும் தந்துவிட்டு நெஞ்சுக்கு வந்து சேரும். இன்ஹேலர் மருந்து நேராகப் போகவேண்டிய இடத்துக்குப் போகிறது. ஸ்டீராய்டிலும் இதே நியாயம்தான். ஆண்டுக்கு மூன்று நான்கு முறை மாத்திரை ஸ்டீராய்டு விழுங்க நேர்பவரின் எலும்பும் சர்க்கரையும்தான் கவலைக்குரியவை. இழுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பினால் வாய்ப்புண்ணும் பெரும்பாலும் வராது.

மருந்து நெஞ்சுக்குள் இறங்க முறை வேண்டும். அழுத்துவதும் இழுப்பதும் ஒன்றாகாவிட்டால் மருந்து தொண்டையில் தங்கிவிடும். ஸ்பேசர் என்ற இடைக்குழல் இதைத் தீர்க்கும். வாங்க வசதியில்லாத குழந்தைகளுக்கு, 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் துளையிட்டுச் செய்த ஸ்பேசரும் கடையில் விற்பதற்கு இணையாக வேலை செய்கிறது என்று தென்னாப்பிரிக்காவின் ஹீதர் ஸாரும் குழுவினரும் 1999இல் காட்டினார்கள்.

ஆடாதோடை பற்றியும் ஒரு வார்த்தை. அதிலுள்ள வாசிசினை ஆதாரமாக வைத்தே சளி இளக்கும் புரோம்ஹெக்சின் உருவாக்கப்பட்டது. ஆக, பாட்டி வைத்தியத்துக்கு அடிப்படை உண்டு. ஆனால் சளியை இளக்குவது வேறு, அழற்சியை அடக்குவது வேறு. கஷாயத்துக்காக இன்ஹேலரை நிறுத்துவதுதான் தவறு. 'மூலிகைப் பொடி' ஒரே நாளில் இழுப்பை நிறுத்தினால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். அப்படிக் கலந்தவை சோதனைகளில் சிக்கியிருக்கின்றன.

ஆபத்தை அறிவது

சொல்ல வந்ததை ஒரே மூச்சில் முடிக்காமல் ஒவ்வொரு சொல்லாக நிறுத்துவது, கழுத்தும் விலாவும் உள்ளே குழிவது, உதடு நீலம் பாய்வது, அரை மயக்கம் ஆகியவை கடும் இழுப்பின் அடையாளங்கள். எல்லாவற்றிலும் மோசமானது, திணறல் இருக்கும்போதே விசில் சத்தம் நின்றுபோவது. அது குணமல்ல, காற்றே போகவில்லை என்று பொருள். உட்கார வைத்து, ஸ்பேசர் வழியே சல்பியூட்டமால் நான்கு முதல் பத்து அழுத்து ஒவ்வொன்றாகக் கொடுக்க வேண்டும். 108ஐ உடனே அழைக்க வேண்டும். வண்டி வருவதற்குள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பக் கொடுக்கலாம். மலையடிவாரத்திலிருந்து குலசேகரத்துக்கோ ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கோ போகும் வழியில்தான் பல உயிர்களின் கணக்கு இருக்கிறது. கையில் ஓர் இன்ஹேலரும் அதைப் பிடிக்கத் தெரிந்த ஒருவரும் வீட்டில் இருப்பது அந்தத் தூரத்தைக் குறைக்கிறது.

தொந்தரவு இல்லாத நாளிலும் மருந்து எடுக்கும் பழக்கத்தைத் தமிழ்நாடு வேறு நோய்களில் ஏற்கெனவே கற்றுவிட்டது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. தலை சுற்றும் நாளில் மட்டும் பிரஷர் மாத்திரை போடுவது போதாது என்பது இன்று கிராமத்துப் பாட்டிக்கும் தெரியும். ஆஸ்துமாவுக்கும் அதே பாடம் பொருந்தும். அழற்சியை அடக்கும் இன்ஹேலர் அதே திட்டத்து ஊழியர்களின் கைகளில் மாதந்தோறும் வீடு சேர வேண்டும். வரும் ஊழியர் ஒவ்வொரு முறையும் அதை இழுத்துக் காட்டச் சொல்லி முறையைத் திருத்த வேண்டும். ஒவ்வாமைப் பட்டியல் எவ்வளவு நீண்டாலும் ஒருவருக்கு உண்மையில் பொருந்துபவை ஒன்றிரண்டுதான், அவற்றைக் கண்டு விலக்கலாம். புகையை எல்லோரும் விலக்கலாம். அதற்கு மேல் ஐந்தில் இருவர் என்ற அந்த இறப்புக் கணக்கைக் குறைக்கப்போவது, நன்றாக மூச்சு விடுகிற நாளிலும் மறக்காமல் இழுக்கும் மருந்துதான்.